கொடி அதேதான், கொள்கை? கொங்கு நாட்டிலிருந்து வரும் கேள்விகள்

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகள் பனியன் கம்பெனி, விசைத்தறி, சாப்ட்வேர் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் போதும், "சார், இந்தக் கட்சி முன்ன மாதிரி இல்லீங்களே, எப்ப மாறுச்சு?" என்று போன் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. யாருக்கும் ஓட்டுக் கேட்டு எழுதவில்லை.

ஒரு கட்சியின் கொள்கை மாறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

மேடைப் பேச்சை வைத்துச் சொல்ல முடியாது. மேடையில் எல்லாக் கட்சியும் பழைய பாட்டைத்தான் பாடும். ஓட்டுப் போகும், பதவி போகும் என்று தெரிந்தும் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்திருந்தால் அது கொள்கை. நட்டம் வருகிற அன்றைக்கே கீழே வைத்துவிட்டால் அது அதுவரைக்கும் கோஷமாகத்தான் இருந்திருக்கிறது. நான் பார்க்கிற இடம் இரண்டு: பட்ஜெட்டில் பணம் எங்கே போகிறது, தேர்தலில் யாருக்கு சீட்டு. கட்சியின் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது.

மாற்றம் என்றாலே சறுக்கல்தானா? நல்லபடியாக மாறிய கட்சி இல்லையா?

இருக்கிறது, அதுவும் ஈரோட்டோடு சம்பந்தப்பட்ட கதை. ஈ.வெ.ரா. ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்து, அதை விட்டுவிட்டு 1919ல் காங்கிரசுக்கு வந்தவர். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார், வைக்கம் போய்ச் சிறையில் இருந்தார். கல்வியிலும் வேலையிலும் எல்லாச் சாதியாருக்கும் பங்கு வேண்டும் என்ற வகுப்புவாரித் தீர்மானத்தைக் கட்சி ஏற்க வேண்டும் என்று வருடாவருடம் மாநாட்டில் கேட்டுப் பார்த்தார். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலும் நடக்கவில்லை, வெளியேறினார். அந்த மே மாதமே ஈரோட்டில் 'குடி அரசு' இதழைத் தொடங்கியிருந்தார். ஆக, அதன் முதல் இதழ் வந்தபோது அவர் காங்கிரஸ்காரர்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் வகுப்பில் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள்.

மிச்சக் கதைதான் முக்கியம். காங்கிரஸ் ஏற்க மறுத்த அந்த வகுப்புவாரி உரிமையை, திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தாரான டாக்டர் சுப்பராயன் முதலமைச்சராக இருந்த காலத்தில், அவருடைய அமைச்சர் முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். விடுதலைக்குப் பிறகு நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி வெடித்தது. 1951ல் இந்திய அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தபோது, பிற்படுத்தப்பட்டோருக்குச் சலுகை தரும் பிரிவும் அதில் சேர்ந்தது. கொண்டுவந்தது யார்? அதே காங்கிரஸ். 26 வருடத்தில் தலைகீழ். அப்புறம் காமராஜர் முதலமைச்சராகி, காங்கிரசை ஒழிப்பேன் என்று புறப்பட்ட பெரியாரே அவருக்கு ஓட்டுக் கேட்டார். இதைச் சறுக்கல் என்று யார் சொல்வார்கள்?

திராவிட நாடு கேட்டவர்கள் அதை விட்டது பயத்தினாலா?

1944ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஜமீன்தார்களும் மிட்டாதாரர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கட்சி, ஒரே மாநாட்டில் வேறு கட்சியாயிற்று. தேர்தலில் நிற்பதில்லை என்பது அந்தக் கழகத்தின் வழக்கம். 1949ல் அண்ணா பிரிந்து தி.மு.க.வைத் தொடங்கினார். 1956ல் திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்தார்கள், அடுத்த வருடமே 15 பேர் சட்டசபைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் அந்த 1956தான். தேர்தலுக்கு வந்துவிட்டால் எதிர்த்த வீட்டுக்காரனிடமும் போய் ஓட்டுக் கேட்க வேண்டும், பேச்சு தானாக மெதுவாகிவிடும். 1962ல் சீனப் போர், 1963ல் பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி 16ஆவது சட்டத் திருத்தம். அண்ணா கோரிக்கையைக் கைவிட்டார். ஆனால் கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் சொல்லிவைத்தார். அந்தக் காரணங்கள்தான் பிறகு மாநில சுயாட்சி என்ற பெயரில் வந்தன: 1969ல் ராஜமன்னார் குழு, 1974ல் சட்டசபைத் தீர்மானம். கயிற்றை விட்டார்கள், மாட்டை விடவில்லை.

நாத்திகம் பேசிய கட்சி முருகன் மாநாடு நடத்துகிறதே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. ஊர்வலத்தில் இராமர் படம் அவமதிக்கப்பட்டது என்று நாடெங்கும் பேச்சு. நடத்தியது தி.மு.க. இல்லை, ஆனால் ஆட்சியில் இருந்தது தி.மு.க. இரண்டு மாதத்தில் தேர்தல். கட்சி காணாமல் போகும் என்றார்கள், 184 இடங்களில் ஜெயித்தது. 2024 ஆகஸ்டில் பழனியில் அதே கட்சியின் அரசு அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாட்டை இரண்டு நாள் நடத்தியது.

இதை மட்டும் பார்த்தால் முழு மாற்றம்தான். ஆனால் தி.மு.க. தி.க.வைப் போல 'கடவுள் இல்லை' என்று சொன்ன கட்சியே இல்லை. 'ஒன்றே குலம் ஒருவனே தேவன்' என்று திருமூலரைத் தொட்டுத்தான் அண்ணா ஆரம்பித்தார். பிள்ளையாரை உடைக்கவும் மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டேன் என்றார். இன்னொரு பக்கம், அனைத்துச் சாதியாரும் அர்ச்சகர் ஆகலாம் என்பதை 1970ல் சட்டமாக்கி, வழக்கு வழக்காக அலைந்து, 2021ல் பணி நியமனம் வரை அந்தக் கட்சி கொண்டுபோனது. ஆக, கருவறைக்குள் யார் போகலாம் என்பதில் கட்சி இறங்கி வரவில்லை, கோயிலுக்கு வெளியே நின்று பேசிய பேச்சுத்தான் குறைந்தது. பழனிக்குக் காவடி எடுத்து நடந்துபோகும் கூட்டத்தில் எல்லாக் கரை வேட்டியும் உண்டு என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்சிக்குத் தெரியாமல் இருக்குமா?

மது விஷயத்தில் எந்தக் கட்சி யோக்கியம்?

ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க நம் மண்ணில் நடந்தது.

1921ல் கள்ளுக்கடை மறியல். ஈ.வெ.ரா. தன் தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறைக்குப் போனபின் ஈரோட்டில் மறியலை நடத்தியவர்கள் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும். 1937ல் ராஜாஜி முதலமைச்சரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த இடம் சேலம் மாவட்டம், அந்த அக்டோபர் 1ஆம் தேதி. கலால் வருமானம் போயிற்று, அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939ல் விற்பனை வரி போட்டார். அதாவது தன் கொள்கைக்கு விலை உண்டு என்று ஒத்துக்கொண்டு, அந்த விலையை வேறு வழியில் வசூலித்தார். ராஜாஜியின் மற்ற பல விஷயங்களில் எனக்கு உடன்பாடு கிடையாது, இந்த நேர்மையை மட்டும் மறுக்க மாட்டேன். வேடிக்கை என்னவென்றால், மரத்தை வெட்டிய பெரியார் பிற்காலத்தில் மதுவிலக்கு வேண்டாம் என்று வாதாடினார்.

1971ல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார், 1974ல் மறுபடி கொண்டுவந்தார். 1981ல் எம்.ஜி.ஆர். கடைகளைத் திறந்தார், 1983ல் டாஸ்மாக் வந்தது, 2003ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அரசிடமே கொடுத்தார். 2016 தேர்தலில் இரண்டு கழகங்களும் மதுவிலக்கு என்றன. ஒன்று படிப்படியாக என்றது, மற்றது முழுசாக என்றது. அதன்பின் ஆளுக்கு 500 கடை என்ற கணக்கில் தவணை தவணையாக மூடினார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு மதுவால் அரசுக்கு வருவது ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பணத்துக்கு மாற்று எது என்று எழுதிக்காட்டாத கட்சி மதுவிலக்கைப் பற்றிப் பேசினால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

நடுவில் தென்னந்தோப்புக்காரர்களின் கோபம் தனி. பாட்டில் சரக்கை அரசே விற்கும்போது தன் மரத்துக் கள்ளை இறக்கினால் போலீஸ் ஏன் வருகிறது என்று பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் கேட்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் மரத்தை வெட்டியது போராட்டம், இப்போது மரம் ஏறுவது போராட்டம்.

இலவச மின்சாரம் யார் கொடுத்தது? இரண்டு கட்சியும் சொந்தம் கொண்டாடுகிறதே?

இரண்டுமே கொடுத்தன. ஆனால் கொடுக்க வைத்தவர்கள் வேறு.

நம்முடையது மழை மறைவுப் பிரதேசம். பாறையைக் குடைந்து கிணறு, கிணற்றுக்குள் ஆழ்துளை, அதற்கும் கீழே மோட்டார். பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோவைக்கு வந்ததால் பம்ப்செட்டும் சீக்கிரம் வந்தது. தஞ்சாவூர்க்காரருக்கு ஆறு எப்படியோ, நமக்குக் கரண்ட் அப்படி. 1970ல் மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். ஜூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு, மூன்று விவசாயிகள் செத்தார்கள். யூனிட்டுக்குச் சில பைசா விஷயம். 1972ல் கோவை வீதிகளை மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள், அந்த வருடமும் பல ஊர்களில் சூடு. ஆட்சி தி.மு.க.

எம்.ஜி.ஆர். காலத்திலும் விவசாயிகள் சங்கத்துக்கும் அரசுக்கும் சண்டை தீரவில்லை. ஆனாலும் 1984ல் அவருடைய அரசே சிறு விவசாயிகளுக்குக் கட்டணத்தை ரத்து செய்தது. அதே வருடம் டிசம்பரில் நாயுடு காலமானார். 1990ல் கருணாநிதி எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றார். 20 வருடத்துக்கு முன் அவர் ஆட்சியில் எதற்காகச் சுடப்பட்டார்களோ, அதைவிடப் பெரியது கிடைத்துவிட்டது. இன்றைக்கு எந்தக் கட்சியும் இதில் கை வைக்காது. பெருமாநல்லூர் நினைவிடத்துக்கு எல்லாக் கட்சிக்காரரும் மாலையோடு வருகிறார்கள்.

இந்தக் கொள்கை எந்தத் தலைவர் மூளையிலும் பிறக்கவில்லை, கிணற்று மேட்டில் பிறந்து கட்சிகளுக்குள் ஏறியது. நம் பக்கத்தில் பல கொள்கைகள் இப்படித்தான் வந்தன.

ரேஷன் அரிசி, இலவசப் பொருள் எல்லாம் கொள்கையா?

1967ல் 'ரூபாய்க்கு ஒரு படி' அரிசித் திட்டம் முதலில் வந்தது சென்னையிலும் கோவையிலும் மட்டும்தான். கட்டுப்படியாகாமல் நின்றுபோனது. 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011ல் விலையே இல்லை. ஒரு ரூபாய் தி.மு.க., விலையில்லாதது அ.தி.மு.க. நாற்பது வருடம் ஒரே திசையில் நடந்தால் அதைக் கொள்கை என்று சொல்லத்தான் வேண்டும், பிடிக்கிறதோ இல்லையோ.

அ.தி.மு.க.வுக்குக் கொள்கை என்று எதுவும் கிடையாது, எம்.ஜி.ஆர். முகம்தான் என்கிறார்களே?

முகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1979-80ஐப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டோரில் ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு இடஒதுக்கீடு கிடையாது என்று எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. ஏழைக்குப் போகட்டும் என்ற நினைப்பு, கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி ஜெயித்தது இரண்டே தொகுதி: ஒன்று சிவகாசி, இன்னொன்று எங்கள் கோபிசெட்டிபாளையம். உடனே ஆணை ரத்து. அதோடு நிற்காமல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31லிருந்து 50 சதவீதம் ஆனது. சில மாதத்தில் சட்டசபைத் தேர்தல், எம்.ஜி.ஆர். மறுபடி முதலமைச்சர்.

முதல் கேள்வியில் சொன்ன என் அளவுகோல்படி, வருமான வரம்பு எம்.ஜி.ஆரின் கொள்கை இல்லை. நட்டம் வந்ததும் விட்டுவிட்டார். இடஒதுக்கீடு தமிழ்நாட்டு வாக்காளரின் கொள்கை, அதைக் கட்சி அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. கோபி மட்டும் ஏன் தப்பியது என்று கேட்காதீர்கள், அதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

கட்சி மாறுகிற தலைவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. அந்தக் காலத்தில் இப்படி இல்லையே?

யார் சொன்னது? மேலே சொன்ன குமாரமங்கலம் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுப்பராயன் 1926ல் சுயேச்சையாக முதலமைச்சர், 1937ல் காங்கிரஸ் அமைச்சர். மகன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டாக இருந்து, பின்னர் காங்கிரசில் சேர்ந்து, இந்திரா அமைச்சரவையில் நிலக்கரியை நாட்டுடைமையாக்கியதில் முன்நின்றார், 1973ல் விமான விபத்தில் இறந்தார். மகள் பார்வதி கிருஷ்ணன் கடைசிவரை கம்யூனிஸ்ட், கோவையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். பேரன் ரங்கராஜன் சேலத்தில் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து, பா.ஜ.க.வுக்குப் போய் வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சரானார். அப்பா நாட்டுடைமை, மகன் தனியாரை வரவேற்ற சீர்திருத்தம். ஒரே வீட்டுத் திண்ணையில் இந்தியாவின் அரசியல் எல்லாம் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது.

இவர்களில் யார் கொள்கை மாறினார், யார் இருக்கை மாறினார் என்று பிரிப்பது சுலபமில்லை. மாறியபோது என்ன இழந்தார் என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

கம்யூனிஸ்டுகள்தான் மாறவே இல்லையே, அவர்கள் ஏன் தேய்ந்தார்கள்?

கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. 1946 ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நான்கு பேர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நினைவின்மேல் வளர்ந்த சங்கங்கள் அவை. ஒரு மில், ஒரு கேட், ஒரு சங்கு, ஷிப்ட் முடிந்தால் ஆயிரம் பேர் ஒன்றாக வெளியே வருவார்கள். பெரிய மில்கள் பல மூடின. வேலை திருப்பூர் பக்கம் பீஸ் ரேட்டுக்குப் போனது, சின்னச் சின்ன யூனிட்டுகளில் சிதறியது. இப்போது அங்கே தைப்பவர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிறைய, அவர்களில் பலருக்கு ஓட்டு அவர்கள் ஊரில். கட்சி நின்ற இடத்திலேயே நின்றது, கூட்டம்தான் இடம்பெயர்ந்தது.

பா.ஜ.க. மாறியதா?

கோவையில் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. துணையோடு சி.பி. ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். அடுத்த வருடமே மறுபடி தேர்தல், அவரே ஜெயித்தார், இந்தமுறை துணை தி.மு.க. தி.மு.க.வின் பழைய தொண்டர்களுக்கு அது கசப்பு மாத்திரை. அன்றைய கூட்டணிக்காக ராமர் கோயில், 370ஆவது பிரிவு, பொது சிவில் சட்டம் மூன்றையும் பா.ஜ.க. பொதுத் திட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தது. மாறிவிட்டது என்று பலரும் எழுதினார்கள். 2019ல் 370 போனது, 2024ல் கோயில் திறந்தது. எடுத்து வைப்பது வேறு, விட்டுவிடுவது வேறு. பரணில் இருக்கும் சாமானை யாரும் தொலைந்துபோனது என்று சொல்வதில்லை.

சாதியை ஒழிக்க வந்த இயக்கம், சீட்டுக் கொடுக்கும்போது சாதி பார்ப்பது ஏன்?

இதில்தான் எனக்கு மனம் கசக்கிறது. 1967ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள், தாலியும் புரோகிதரும் இல்லாத கல்யாணம் செல்லுபடியாயிற்று. 1975ல் கொங்கு வேளாளர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தார்கள், எத்தனையோ குடும்பங்களில் முதல் டாக்டரும் இன்ஜினீயரும் அதனால் வந்தார்கள். 2009ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு, தோட்டத்திலும் துப்புரவிலும் முடிந்துபோயிருக்க வேண்டிய பிள்ளைகள் கல்லூரி வாசல் ஏறினார்கள். பங்கு கேட்பது, பங்கு கொடுப்பது என்ற பாதியில் இந்தக் கட்சிகள் சோடை போகவில்லை.

சாதிக்குள்ளேயே கல்யாணம் என்ற மறுபாதியைத் தொடத்தான் ஆளில்லை. 2016ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில், சாதி மாறிக் கல்யாணம் செய்த இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். பெரிய கட்சிகளின் உள்ளூர்த் தலைகள் பேசியதைவிடப் பேசாமல் இருந்ததுதான் அதிகம். கொங்கு பெயரில் கட்சி தொடங்கியவர்கள் இன்று உதயசூரியன் சின்னத்திலேயே நின்று ஜெயிக்கிறார்கள்: 2019ல் நாமக்கல், 2021ல் திருச்செங்கோடு. யார் யாரை மாற்றினார்கள்? சின்னம் ஒரு பக்கமும் கணக்கு இன்னொரு பக்கமும் நகர்ந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

தேர்தல் அறிக்கையைப் படித்தால் போதுமா?

போன தேர்தலின் அறிக்கையைப் படியுங்கள்.

எங்க அப்பா நாற்பது வருஷமா ஒரே சின்னத்துக்குத்தான் போடுறார். கட்சி மாறியது அவருக்குத் தெரியாதா சார்?

நன்றாகத் தெரியும். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, சாகும்வரை காங்கிரஸ். கதர் கட்டியதில்லை, காந்தியைப் பற்றிப் பெரிதாகப் பேசியதும் இல்லை. ஒரு நாள் கேட்டேன். "வாய்க்கா தண்ணி வந்துச்சுல்ல கண்ணு" என்றார். 1950களில் பவானிசாகர் அணை கட்டி, கீழ்பவானி வாய்க்கால் வெட்டி 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மானாவாரிச் சோளம் போட்டவர் நெல் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கட்சி இரண்டாக உடைந்ததும், எமர்ஜென்சி வந்ததும், சின்னம் மாறியதும் அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. அவர் ஓட்டுப் போட்டது மதகுக்கு. என் அப்பாவுக்கு இரட்டை இலை, காரணம் சத்துணவு. எனக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாறவே மாறாத ஒன்று உண்டா?

மொழி. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியம் அப்போது மத்திய உணவு அமைச்சர், மொழிப் பிரச்சினையில் ராஜினாமா கொடுத்தார். காங்கிரசுக்குள் இருந்துகொண்டே செய்தார். அப்படியும் 1967ல் கோபியில் தோற்றார். 1968ல் வந்த இருமொழிக் கொள்கையை அதன்பின் ஆண்ட எந்தக் கட்சியும் தொடவில்லை.

திருப்பூரில் எனக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். பொள்ளாச்சி ஊர்வலத்தில் போனவருடைய மகன். கடைக்கு வரும் பீகார் பையன்களிடமிருந்து ஆறே மாதத்தில் இந்தி பிடித்துக்கொண்டார், ஆட்டா, பியாஜ் என்று விலை சொல்லி வியாபாரம் செய்கிறார். பள்ளியில் மூன்றாவது மொழி வரலாமா என்று கேட்டேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது வேற, இது வேறங்க" என்றார்.